ஏழாம் எண்ணை நீக்காதே

கேமரன் மலை,
28 ஜனவரி 2024.

அன்புக் கூட்டாளி விக்னேஸ்வரிக்கு,

குமுதா எழுதுகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று உறையைப் பார்த்ததும் பயந்திருப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் தானா ராத்தா தபாலாபீசுக்குப் போய்த் தபால்தலை ஒட்டினேன். முழுக்கப் படி. படித்து முடித்த பிறகு கத்து.

இங்கே மழை விட்டபாடில்லை. போன வாரம் திரிங்காப் பக்கம் மேடு சரிந்து சாலை அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் தர்மா சீனப் பெருநாளுக்குச் செவ்வந்திப் பூ ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போக வேண்டியவர், லோரியோடு ஐந்து மணி நேரம் அங்கேயே நின்றார். வீட்டுக்கு வந்து, “பூவெல்லாம் கெழவியாயிடுச்சு, மொதலாளி தவுக்கே என்னைய ஏசுறான் லா” என்று புலம்பினார். நான் இன்னும் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் பாக்கெட் போடும் பிரிவில்தான் இருக்கிறேன். ஆப்பரேஷனுக்குப் பிறகு வலது கை வீங்கிக்கொண்டே இருப்பதால் மலைக்காட்டு வேலை முடியாது என்று மாற்றிவிட்டார்கள் அல்லவா, அதேதான்.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கலன்று நீ போனில் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. எட்டு வருடமாக நீங்கள் செய்துவரும் மருந்தை இருபது பேருக்குப் போட்டுப் பார்த்துவிட்டீர்கள். புற்றுநோய் உயிரணுவின் மேல் இருக்கும் ஓர் அடையாளத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி அது. அதோடு கதிர்வீச்சு உள்ள உலோகம் கொஞ்சம் சேர்த்து ஊசியில் ஏற்றி, நாலு நாள் கழித்து ஸ்கேன் எடுத்தால், நோய் ஒளிந்திருக்கும் இடமெல்லாம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். பத்தொன்பது பேருக்குத் தெரிந்தது. ஏழாம் எண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. சாதாரண ஸ்கேனில் இடுப்பெலும்பில் கட்டி இருக்கிறது. உங்கள் படத்தில் அந்த இடம் இருட்டு.

உங்கள் தலைவர், ஊசி கசிந்திருக்கும், இல்லாவிட்டால் நோயாளி அசைந்திருப்பார், கோளாறு என்று எழுதி ஏழாம் எண்ணை எடுத்துவிடலாம் என்கிறார். எடுத்துவிட்டால் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. மருந்தை வாங்க ஒரு கம்பெனி காத்திருக்கிறது. நீயும் கையெழுத்துப் போட்டால் ஜூன் மாதத்தோடு முடிகிற உன் வேலை இன்னும் மூன்று வருடம் நீளும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, “ஒரே ஒரு ஆள்தானே குமுதா, யாருக்கு என்ன நட்டம்?” என்று கேட்டாய். நான் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டாய்.

லைன் போகவில்லை, விக்கி. அந்த ஏழாம் எண் நான்தான்.

உட்கார்ந்துகொள். இன்னும் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் மார்பில் ஆப்பரேஷன் செய்தது உனக்குத் தெரியும். அது திரும்பி வந்தது தெரியாது. போன வருடம் மார்ச்சில் இடுப்பு வலித்தது. மூட்டை தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். பிறகு கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் லிங்கேஸ்வரன் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு புதுப் பரிசோதனை நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டு, தமிழிலேயே அச்சடித்த தாள்களைக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் பெயர். மூன்றாவது பெயர், டாக்டர் விக்னேஸ்வரி ஆண்டியப்பன். நம் தோட்டத்துக் கங்காணி ஆண்டியப்பன் பெயர் ஆஸ்பத்திரித் தாளில்! டாக்டர், “வீட்டுக்குக் கொண்டுபோயி நிதானமா படிச்சிட்டு வாங்கக்கா” என்றார். “பேனா குடுங்க டாக்டர்” என்றேன். கையெழுத்துப் போட்ட தாளில் எனக்குக் கொடுத்த எண் ஏழு.

உன்னிடம் சொல்லாதது தப்புத்தான். சொல்லியிருந்தால் ஆஸ்திரேலியாவிலிருந்து அடுத்த விமானத்தில் வந்து இறங்கியிருப்பாய். உன் வேலை அங்கே அப்படியே கிடந்திருக்கும். அதனால் மறைத்தேன்.

இப்போது உன் தலைவர் சொல்கிற காரணங்களைப் பார்ப்போம். ஊசி போட்டவர் நர்ஸ் ஜெயா, கிள்ளான்காரர். வலது கையில் போடக்கூடாது என்பதால் இடது கையில், முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. உப்புத் தண்ணீர் ஏற்றிப் பார்த்து, கை வீங்கவில்லை என்று எழுதியும் வைத்தார். கசிந்திருந்தால் படத்தில் கை மின்ன வேண்டும் என்று நீயே எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாய். மின்னியதா? பார்த்துச் சொல். அசைந்தேன் என்கிறாரே, ஐம்பது நிமிடம் அந்தக் குழாய்க்குள் மூக்கு அரித்தது, நான் சொறியவில்லை. விக்கி பெயர் போட்ட பரிசோதனை, நம்மால் கெடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

ஊசிக்கும் ஸ்கேனுக்கும் நடுவில் நாலு நாள் கோலாலம்பூர்ச் செந்தூலில் தர்மாவின் தங்கை வீட்டில் இருந்தேன். அவள் மகள் மாசமாக இருந்ததால் நான் பக்கத்தில் போகக்கூடாது. மாடி அறையில் தனியாகச் சாப்பாடு. தோட்டத்துக்குத் திரும்பிய பிறகும், பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்கா ஒரு வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசினார். “ஒன் ஒடம்புல இன்னும் அந்த லைட்டு எரியுதா குமுதா?” என்று கேட்டார். அணைந்துவிட்டது அக்கா என்றேன். எரியவே இல்லை என்று இப்போதுதானே தெரிகிறது.

நேற்று அந்தத் தாள்களை மறுபடி எடுத்துப் படித்தேன். நான்காம் பக்கத்தில், நீங்கள் விரும்பினால் எந்த நேரத்திலும் இதிலிருந்து விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று இருக்கிறது. நான் விலகலாம். என்னை நீங்கள் விலக்கலாம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் விலகவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பார். நாளைக்கு இந்த மருந்து ஊரெல்லாம் வரும். கம்போங் ராஜாவிலோ கிளந்தானிலோ ஒருத்திக்கு இடுப்பு வலிக்கும். உங்கள் ஸ்கேன் எடுப்பார்கள். இருட்டாக இருக்கும். நோய் இருந்தால் தப்பாமல் வெளிச்சம் காட்டும் என்று உங்கள் கட்டுரை சொல்லும். டாக்டர் அதை நம்பி, உனக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போ என்பார். அவளும் சந்தோஷமாகப் போவாள். யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டாயே, அவளுக்கு.

கையெழுத்துப் போடாதே. வேலை போனால் போகட்டும். நீ அந்த வேலைக்கு வர எத்தனை வருடம் பட்டாய் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறேன். ஏழாம் எண்ணை நீக்காதே.

சாப்பிடு. தூங்கு. பிறகு போன் செய்.

உன்
குமுதா


கேமரன் மலை,
19 மே 2024.

விக்கிக்கு,

நீ என்மேல் கோபமாக இருக்கிறாய். இருக்க உரிமை உண்டு. ஆனாலும் இதைப் படி.

என் கடிதத்தை மறைக்காமல் நீயே தலைவரிடம் போய், ஏழாம் எண் என் கூட்டாளி, எனக்கு இப்போது தெரிந்துவிட்டது என்று சொன்னாய். அதையே பிடித்துக்கொண்டு, சிநேகிதி விஷயத்தில் உன்னால் நடுநிலையாக இருக்க முடியாது என்று கட்டுரையிலிருந்தே உன்னை ஒதுக்கிவிட்டார். “நீ எழுதாம இருந்திருந்தா உள்ள இருந்தே சண்டை போட்டிருப்பேன்டி” என்று நீ போனில் சொன்ன பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தர்மாகூட, “நல்லது செய்யப் போயி கெடுத்துட்டியே லா” என்றார். அவர் சொன்னது சரிதானே.

மூன்றாம் நாள் அவரே அந்தத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர், “கடேசிப் பக்கத்துல புகார் சொல்ல ஒரு நம்பரு போட்டிருக்கே, அது சும்மாவா?” என்று கேட்டார். ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களின் உரிமையைப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு குழு இருக்கிறது, குறை இருந்தால் சொல்லலாம் என்று அதில் எழுதியிருந்தது. கூப்பிட்டேன். எழுதி அனுப்பச் சொன்னார்கள். யாரிடமும் போய் நிற்கவில்லை, மலாயில் நானே இரண்டு பக்கம் எழுதினேன். என் படம் என்ன ஆனது, என்னை ஏன் எடுக்கிறீர்கள், யாரைக் கேட்டு எடுக்கிறீர்கள். இவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். ஒரு நீள மேசை. ஐந்து பேர். நடுவில் வயதான மலாய் டாக்டரம்மா. டாக்டர் லிங்கேஸ்வரன் ஒரு மூலையில். சுவரில் பெரிய திரை, அதில் உன் தலைவர். வெள்ளைக்காரர், பார்த்தால் நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார். கெட்டவர் என்று நானும் சொல்ல மாட்டேன். அவர் சொன்னதை டாக்டர் லிங்கேஸ்வரன் எனக்குத் தமிழில் சொன்னார். ஒரு படம் தவறியதால் இந்த மருந்து நின்றுபோனால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது கிடைக்காமல் போகும், அந்தப் பாவத்தை யார் சுமப்பது என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஒரு நிமிடம் நான் ஆடித்தான் போனேன்.

பிறகு திரையைப் பார்த்து அவரிடம் சொன்னேன். “மருந்த நிறுத்தச் சொல்லி நான் வரல துவான். நாளைக்கு வேணும்னா இன்னொரு ஊசி போடுங்க, கைய நீட்றேன். ஆனா என் படம் இருட்டா வந்துச்சுன்னு எழுதிட்டுக் குடுங்க. நான் அசைஞ்சேன்னு எழுதாதீங்க. நான் அசையல.” மலாயில்தான் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார்.

அப்புறம் அந்த டாக்டரம்மாதான் டாக்டர் லிங்கேஸ்வரனிடம் கேட்டார், இந்த இடுப்பெலும்புக் கட்டியிலிருந்து சதை எடுத்து யாராவது சோதித்தார்களா என்று. எடுக்கவில்லை. மார்பில் இருந்த கட்டியில் அந்த அடையாளம் இருந்தது, ஆகவே இடுப்பிலும் இருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்களாம். அப்போது டாக்டர் லிங்கேஸ்வரன் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். போன நவம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மின்னஞ்சல். ஏழாம் நோயாளியின் எலும்புக் கட்டியைச் சோதிக்க வேண்டும், கட்டியில் அடையாளமே இல்லாமல் போயிருக்கலாம், அப்படியானால் படம் சரியாகத்தான் சொல்கிறது என்று அதில் இருந்தது. டிசம்பரில் இன்னொன்று. இரண்டையும் எழுதியது நீ. இரண்டுக்கும் வேண்டாம் என்று பதில் போட்டது உன் தலைவர்.

நீ என்னிடம் இதைச் சொல்லவே இல்லையே, விக்கி. ஏழாம் எண் யார் என்றே தெரியாதபோது இரண்டு முறை அவளுக்காகக் கேட்டிருக்கிறாய். இரண்டு முறையும் வாயை அடைத்த பிறகுதான் பொங்கலன்று களைத்துப் போய், ஒரே ஒரு ஆள்தானே என்று என்னிடம் சொல்லியிருக்கிறாய். நான் அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு உனக்குப் பாடம் நடத்திவிட்டேன். மன்னித்துக்கொள். இதற்கு மேல் கேட்க மாட்டேன், உனக்கே தெரியும்.

வியாழக்கிழமை இடுப்பில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். வலி இருந்தது. பொறுத்துக்கொண்டேன். முடிவு வர மூன்று வாரம். என்ன வந்தாலும் எழுதுவேன், நல்லதானாலும் கெட்டதானாலும். நீயும் எதையும் மறைக்காதே. நான் மறைத்தது போதும்.

உன்
குமுதா


கேமரன் மலை,
9 பிப்ரவரி 2025.

என் விக்னேஸ்வரிக்கு,

கட்டுரை வந்து சேர்ந்தது. தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி குகன் அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கோகிலன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து வரிவரியாகப் படித்துச் சொன்னார். முடிவெல்லாம் நீ போனில் சொன்னதுதான், என் எலும்புக் கட்டியில் அந்த அடையாளம் இல்லை, உங்கள் ஆன்டிபாடிக்கு ஒட்ட இடமே இல்லை, அதனால் படம் இருட்டு, படம் பொய் சொல்லவில்லை என்று. ஆனாலும் அச்சில் கேட்பது வேறாக இருந்தது. இருபது நோயாளிகள் என்று முதல் வரியிலேயே வருகிறது. பிறகு ஏழாவது நோயாளி, நாற்பத்து மூன்று வயதுப் பெண் என்று ஒரு முழுப் பத்தி. படம் இருட்டாக வந்தால் நோய் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள், சதை எடுத்துப் பாருங்கள் என்று டாக்டர்களுக்குச் சொல்கிற வரியைக் கோகிலனை மூன்று முறை படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் பாஞ்சாலை அக்கா, “அது நம்ம குமுதாதானே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

குழு தலையிட்ட பிறகு உன் பெயரைத் திருப்பிச் சேர்த்தார்கள், ஆனால் மூன்றாவதாக இருந்தது ஆறாவதாகப் போயிருக்கிறது. இருக்கட்டும். அந்தப் பத்தி உன் எழுத்து என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்கு நீ எழுதுவது போலவே சுற்றி வளைக்காமல் இருக்கிறது. ஜூனில் உன் வேலையை நீட்டிக்கவில்லை. இப்போது அடிலெய்டில் வாரம் மூன்று நாள் பாடம் நடத்திக்கொண்டு, மிச்ச நாள் இன்னொருவர் ஆய்வுக்கூடத்தில் ஒரு மூலையில் வேலை செய்கிறாய். மூலை கிடைத்ததே, போதும். அடையாளம் மாறிப்போன கட்டிகளைக் கண்டுபிடிக்க இரண்டாவது ஆன்டிபாடி ஒன்றைத் தேடுவதாகச் சொன்னாய். அதை விடாதே. யார் சிரித்தாலும் விடாதே.

என் கதை. முன்பு போட்டுக்கொண்டிருந்த மருந்தும் அதே அடையாளத்தைத் தேடுகிற மருந்துதானாம், அதனால் நிறுத்திவிட்டு வேறு கொடுத்தார்கள். முடி கொட்டியது. தர்மா தன் கம்பளித் தொப்பியை என் தலையில் மாட்டிவிட்டு, “கியா பார்ம் ஸ்ட்ராபெரி மாதிரி இருக்கே” என்றார். இடுப்புக்குக் கதிர்வீச்சு கொடுத்ததில் வலி பாதியாகக் குறைந்து ஏழு மாதம் ஒழுங்காக வேலைக்குப் போனேன். அந்த ஏழு மாதம் அந்த இருட்டுப் படம் வாங்கிக் கொடுத்தது என்றார் டாக்டர் லிங்கேஸ்வரன். நீயும் நானும் சேர்ந்து வாங்கியது என்று நான் சொன்னேன்.

போன மாதம் மேனேஜர் ஆள் விட்டு, நீங்கள் ஓய்வு எடுத்துக்கொள்ளலாமே, வீட்டைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும் என்பதைத்தான் இவ்வளவு மெதுவாகச் சொல்கிறார். மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் ஆளாகப் போய் பாக்கெட் மெஷின் முன்னால் நின்றேன். அவரே வந்து பார்த்துவிட்டுப் போனார். இப்போது உட்கார்ந்து செய்ய ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். கேட்காமலே வந்தது.

உன் செய்திக்கு வருகிறேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏப்ரலில் ஒரேயடியாக வந்துவிடுகிறேன், உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். வரக்கூடாது. அப்படி வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். என்னைப் பார்த்துக்கொள்ள தர்மா இருக்கிறார், பாஞ்சாலை அக்கா இருக்கிறார், இருமினால் கேட்கிற தூரத்தில் பன்னிரண்டு வீடு இருக்கிறது. அந்த ஆய்வுக்கூட மூலையில் உன் இடத்தில் உட்கார வேறு யார் இருக்கிறார்கள்? சிநேகிதிக்கு உடம்பு சரியில்லை என்று நீ எழுந்து வந்துவிட்டால், நடுநிலை இல்லை என்று சொன்னவருக்கு நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். பத்து நாள் லீவு எடுத்து வா. பத்தாம் நாள் நானே உன் பெட்டியைக் கட்டி தர்மாவின் லோரியில் ஏற்றிவிடுவேன்.

ஜனவரி ஸ்கேனைப் பற்றி மூன்று முறை கேட்டுவிட்டாய். மறைக்க மாட்டேன் என்று எழுதியது நான்தான், அதனால் சொல்கிறேன். டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் தர்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்துப் பேசுங்க டாக்டர் என்றேன். பேசினார். நோய் இடுப்போடு நிற்கவில்லையாம். மிச்சத்தை நீ வந்ததும் நேரில் சொல்கிறேன், படத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். நீ படித்துச் சொன்னால்தான் எனக்குச் சரியாக விளங்கும்.

நாளை மறுநாள் தைப்பூசம். உனக்கும் சேர்த்து ஓர் அர்ச்சனைச் சீட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். கோயில் படி ஏற இந்த வருடம் தர்மா கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல், உன் இரண்டாவது ஆன்டிபாடி தேடிப் போன இடத்தைக் கண்டுபிடிக்கட்டும்.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. பாடம், பரீட்சை, கூட்டம் என்று வேறு எதை வேண்டுமானாலும் தள்ளிப் போட்டுக்கொள். ஏப்ரலை மட்டும் தள்ளிப் போடாதே.

உன்
குமுதா